ஓடுற கோடுல கை வைக்கலாமா? பழைய லைப்ரரி வெர்ஷன் பத்தி ஒரு விவாதம்

முகில்_ஜாவா:
எங்க டீம்ல இன்னைக்கு பெரிய வாக்குவாதம். அஞ்சு வருஷமா யாரும் தொடாத ஒரு அப்ளிகேஷன், உள்ள இருக்கற ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி (வேற ஆளுங்க எழுதி பொதுவுல விட்ட ரெடிமேட் கோடு) எல்லாம் அன்னைக்கு போட்ட வெர்ஷன்லயே நிக்குது. பாதுகாப்பு ஓட்டை தேடற ஸ்கேனர் ஓட்டிப் பாத்தா பக்கம் பக்கமா சிவப்பு. எங்க சீனியர் "நல்லா ஓடுறத எதுக்குப்பா நோண்டற"ங்கறார். எனக்கு மனசு கேக்கல. நீங்கல்லாம் என்ன பண்றீங்க?

பழையகோடு:
உங்க சீனியர் சொல்றதுல நியாயம் இருக்கு தம்பி. புதுசுன்னா பாதுகாப்புன்னு யார் சொன்னா? ஹார்ட்பிளீட்ங்கற ஓட்டை ஞாபகம் இருக்கா, 2014 ஏப்ரல்ல வெளிய தெரிஞ்சுச்சு, அது ஓப்பன்எஸ்எஸ்எல்ங்கற என்கிரிப்ஷன் லைப்ரரியோட 1.0.1 கூடவே வந்தது, 0.9.8லயும் 1.0.0லயும் இருந்தவங்களுக்கு ஒன்னும் ஆகல. ஃபைல சுருக்கற எக்ஸ்ஸெட் லைப்ரரி விஷயமும் அப்படித்தான், 2024 மார்ச்ல வெளிய தெரிஞ்ச பின்கதவு (திருட்டுத்தனமா சேர்த்த ரகசிய வழி) இருந்தது 5.6.0, 5.6.1ன்னு புத்தம்புது வெர்ஷன்ல. அவசரப்படாதவன்தான் தப்பிச்சான்.

தேன்மொழி_செக்யூரிட்டி:
சார், நீங்க சொன்ன ரெண்டும் உண்மை, ஆனா பாதியில நிறுத்திட்டீங்க. ஓப்பன்எஸ்எஸ்எல் 0.9.8க்கும் 1.0.0க்கும் 2015 கடைசியோட சப்போர்ட் முடிஞ்சு போச்சு, அதுக்கப்புறம் வந்த ஓட்டைய அந்த ப்ராஜெக்ட்ல யாரு அடைப்பா? எக்ஸ்ஸெட்ல இருந்தத ஆண்ட்ரஸ் ஃப்ராயண்ட்ங்கற டெவலப்பர் எஸ்எஸ்ஹெச் (தூரத்து சர்வருக்குள்ள நுழையற வழி) லாகின் அரை செகண்ட் லேட்டாகுதேன்னு நோண்டப் போய் கண்டுபிடிச்சார், அது யாருக்கும் தெரியாத ஓட்டை. பழைய வெர்ஷன்ல இருக்கறது ஊருக்கே தெரிஞ்ச ஓட்டை. பேட்ச் (ஓட்டைய அடைக்கற திருத்தம்) வந்த அன்னைக்கே பழைய கோடையும் புது கோடையும் பக்கத்துல வச்சுப் பாத்தா எங்க அடிக்கணும்னு எவனுக்கும் புரிஞ்சிடும். அமெரிக்க கிரெடிட் ரிப்போர்ட் கம்பெனி ஈக்விஃபாக்ஸ்ல அதான் நடந்துச்சு. அவங்க வெப்சைட்ல இருந்த அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் லைப்ரரிக்கு 2017 மார்ச்லயே பேட்ச் வந்தாச்சு, மே மாசம் உள்ள புகுந்தாங்க, கிட்டத்தட்ட 14.7 கோடி பேரோட விவரம் போச்சு.

பழையகோடு:
அது இன்டர்நெட்ட பாத்து நிக்கிற சிஸ்டம்மா. இவங்களோடது உள்ளுக்குள்ள மட்டும் ஓடுறதா இருந்தா? அந்த ஓட்டை இருக்கற ஃபங்ஷன நம்ம கோடு கூப்பிடுதா இல்லையான்னு பார்க்காம வெர்ஷன் நம்பர மட்டும் வச்சே கத்தற ஸ்கேனர்தான் நிறைய. நான் பட்ட அனுபவம் வேற, ஒரு டேட் லைப்ரரிய "சின்ன அப்டேட்தான"ன்னு மாத்தினோம், நாளும் மாசமும் இடம் மாறி பதிவாகி மூணு நாள் டேட்டா கெட்டுப் போச்சு, எந்த டெஸ்ட்டும் பிடிக்கல, பேக்கப் எடுத்து ஒவ்வொரு வரியா சரி பண்ணது நான்தான். அந்த மூணு நாள்ல எங்கள எந்த ஹேக்கரும் தொடல, அப்டேட்தான் தொட்டுச்சு.

தேன்மொழி_செக்யூரிட்டி:
அந்த வலி எனக்கும் தெரியும் சார். ஆனா "உள்ளுக்குள்ள மட்டும்"ங்கறத நான் 2021 டிசம்பருக்கு அப்புறம் நம்பறதில்ல. ஜாவா ப்ரோக்ராம்ல நடக்கறத லாக்ல (பதிவு ஃபைல்ல) எழுதற லாக்ஃபோர்ஜே லைப்ரரியில ஓட்டை வந்தப்போ, வெளிய ஒருத்தன் லாகின் பெட்டியில அடிச்ச ஒரு வரி நாலு சர்வீஸ் தாண்டி உள்ள இருக்கற லாக்ல எழுதப்பட்டா போதும், அங்க அவனோட கோடு ஓடிடும். எந்தெந்த லைப்ரரி வேணும்னு எழுதி வைக்கற எங்க பாம் (pom.xml) ஃபைல்ல லாக்ஃபோர்ஜே பேரே இல்ல, நிம்மதியா இருந்தோம். அப்புறம் பாத்தா வேற ஒரு லைப்ரரி இழுத்துட்டு வந்திருக்கு, ஜாருக்குள்ள (ஜாவா கோட ஒன்னா கட்டி வைக்கற ஃபைல்) ஜாரா உக்காந்திருக்கு, வெர்ஷன் 2.8. சரி மாத்திடலாம்னா 2.15க்கு ஜாவா 8 வேணும், எங்க சர்வர்ல ஓடுறது ஜாவா 7! ஜாவா 7க்குன்னு தனியா 2.12.2 வர சில நாள் ஆச்சு. அதுவரைக்கும் என்ன பண்ணோம் தெரியுமா, ஜார் ஃபைல ஜிப் மாதிரி திறந்து ஓட்டைக்குக் காரணமான ஜேஎன்டிஐ லுக்கப்ங்கற ஒரே ஒரு கிளாஸ் ஃபைல அழிச்சுட்டு திரும்ப மூடி, ஒவ்வொரு சர்வரா ராத்திரி முழுக்க வச்சோம். அப்பப்போ ஒரு படி ஏறியிருந்தா அது அரை மணி நேர வேலை. வருஷக்கணக்குல தள்ளிப்போட்டா, அவசரம்னு வர்ற அன்னைக்கு தாண்ட முடியாத தூரம் ஆயிடுது. என் பயமே அதான்.

டெபியன்_வாசி:
நடுவுல ஒன்னு. வெர்ஷன் நம்பர் பழசா இருந்தாலே ஓட்டைன்னு முடிவு பண்ணாதீங்க. டெபியன்ங்கற லினக்ஸ்ல ஹார்ட்பிளீட சரி பண்ணப்போ நம்பர் 1.0.1e-லயே தான் இருந்துச்சு, புது வெர்ஷன்ல வந்த பேட்ச மட்டும் எடுத்து பழசுல சேர்த்தாங்க, கடைசியில இருக்கற ஒட்டு நம்பர்தான் மாறும். ஆனா ஆப்புக்குள்ள நீங்களே தூக்கிப் போட்ட ஜாருக்கு அந்த வேலைய யாரும் பண்ண மாட்டாங்க.

பழையகோடு:
தேன்மொழி சொன்ன ஜாவா 7 கதைக்கு என்கிட்ட பதில் இல்ல, ஒத்துக்கறேன். ஆனா ரிலீஸ் ஆன அன்னைக்கே தானா இழுத்துக்கற வேலைய மட்டும் நான் அனுமதிக்க மாட்டேன், லாக் (lock) ஃபைல்ல, அதாவது எந்த வெர்ஷன்னு பூட்டி வைக்கற ஃபைல்ல, வெர்ஷன கட்டிப் போட்டு ஒரு வாரம் ஆறவிட்டுத்தான் எடுப்பேன்.

தேன்மொழி_செக்யூரிட்டி:
ஒரு வாரம் சரிதான் சார், நானும் அப்படித்தான். ஆனா வெளிய ஏற்கனவே தாக்கிக்கிட்டிருக்கற ஓட்டைக்கு அந்த ஒரு வாரம் கிடையாது. அத விட்டுக்கொடுக்க முடியாது.

முகில்_ஜாவா:
ரெண்டு பேருக்கும் நன்றி. இப்பத்தான் டிபென்டென்சி ட்ரீ (எந்த லைப்ரரி எத இழுக்குதுங்கற பட்டியல்) எடுத்துப் பாத்தேன், நாங்களே கேட்டு சேர்த்த லைப்ரரி இருபதுக்குள்ள, அதுங்க கூடவே வந்தது நூத்துக்கும் மேல. லாக்ஃபோர்ஜே 1.2 கூட ஒன்னு கிடக்கு. 2021 ஓட்டை 2ல தானே, 1 பரவாயில்லையா?

தேன்மொழி_செக்யூரிட்டி:
இல்ல முகில். 1க்கு 2015லயே மூடுவிழா ஆச்சு. நெட்வொர்க்ல வர்ற லாக வாங்கற சாக்கெட் சர்வர்ங்கற பகுதி வழியா வர்ற வேற ஓட்டை 2019ல பதிவாச்சு, 1லயே அதுக்கு பேட்ச் வரல.

பழையகோடு:
தம்பி, அந்த 1.2வ உங்க கோடு நேரடியா எத்தனை இடத்துல கூப்பிடுதுன்னு முதல்ல எண்ணிப் பாருங்க. லாக் எழுத மட்டும்தான்னா தனி பிராஞ்ச்ல (கோடோட தனி நகல்ல) கழட்டிட்டு டெஸ்ட் ஓட்டலாம். தேதி வர்ற இடத்துக்கெல்லாம் மட்டும் டெஸ்ட் எழுதாம கை வைக்காதீங்க, எப்படி எழுதறதுன்னு நான் சொல்றேன்.