தனியாக உருண்டால் சரி, கூட்டாளி வீசினால் இடது தோள் இடிக்கிறது

ஐகிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலையில் சேர்ந்து 8 மாதம், வாரம் 2 வகுப்பு, வயது 41. தனியாக மே உகேமி, அதாவது முன்பக்கம் உருள்வது, இரண்டு பக்கமும் ஓரளவு வட்டமாகவே வருகிறது. ஆனால் கொக்யுநாகே என்ற வீசும் உத்தியில் கூட்டாளி என்னை முன்னால் அனுப்பும்போது, இடது பக்கம் மட்டும் தோளின் நுனி எலும்பு நேராக விரிப்பில் போய் இடிக்கிறது. 3 வாரமாக இதே கதை.

போன வகுப்பில் ஒருவர் வீடியோ எடுத்துக் காட்டினார். கடைசி நொடியில் தலையைத் தூக்கிக் கூட்டாளியின் முகத்தைப் பார்க்கிறேன், முழங்கை மடங்கிவிடுகிறது, சுண்டுவிரல் பக்கம் தரையைத் தொடுவதற்குப் பதில் உள்ளங்கை சப்பென்று ஊன்றுகிறது. பயம்தான், எனக்கே தெரிகிறது, ஆனால் கை கேட்க மாட்டேன் என்கிறது.

முழங்காலிட்டு உருண்டு பார்த்தாயிற்று. மூச்சை விட்டுக்கொண்டே போவது, பெல்ட் முடிச்சைப் பார்ப்பது எல்லாம் தனியாக இருக்கும்வரைதான் ஞாபகம் இருக்கிறது. மெதுவாக அனுப்பச் சொன்னால் இன்னும் மோசம், பாதியில் வேகம் செத்துப் பக்கவாட்டில் சரிகிறேன். ஆசிரியர் "பிடியைச் சீக்கிரம் விடாதே, அவரோடு போ" என்கிறார். விடாமல் போனால் கூட்டாளியைப் பிடித்திருக்கும் அந்தக் கை உருளத் தயாராவதற்குள் தரை வந்துவிடுகிறது.

கையைத் தூக்க வலி இல்லை, அழுத்தினால் மட்டும் கன்றின வலி. இந்த வாரம் உருளவில்லை.

பிடித்த கையே உருளும் கையாக மாறும் அந்தக் கணத்தை மட்டும் தனியாகப் பழக, இருவர் சேர்ந்து செய்கிற எந்தப் பயிற்சி உங்களுக்கு உதவியது?