வெசாலியஸ் நூலின் முதலெழுத்துகள்: என் அனுபவம்

மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் நடத்துகிறேன். பதினாறாம் நூற்றாண்டு உடற்கூறியல் அறிஞர் வெசாலியஸ் மனித உடலின் அமைப்பைப் பற்றி எழுதிய நூலின் பெரிய படங்களை எங்கள் துறையில் அறியாதவர் இல்லை. 1543இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஒப்போரினஸ் என்ற அச்சகத்தார் அச்சிட்ட அந்த நூலை இணையத்தில் பக்கம் பக்கமாகப் புரட்டியபோதுதான் அத்தியாயங்களின் முதலெழுத்துகள் கண்ணில் பட்டன. இப்போது பெரிய படங்களைவிட அவற்றின் மீதுதான் எனக்குப் பிரியம்.

சதுரக் கட்டத்துக்குள் ஓர் இலத்தீன் எழுத்து; அதைச் சுற்றிக் கொழுகொழுவென்று குழந்தைகள். ஏதோ விளையாடுகிறார்கள் என்று நினைத்துப் பெரிதாக்கினால் தூக்கிவாரிப் போடுகிறது. ஓரிடத்தில் தூக்குமரத்திலிருந்து பிணத்தை இறக்குகிறார்கள். இன்னோரிடத்தில் கல்லறையைத் தோண்டுகிறார்கள். எலும்புகளை வேகவைக்கிறார்கள். 'கியூ' எழுத்தில் பன்றியை உயிரோடு அறுக்கிறார்கள்.

இன்றைய பெல்ஜியத்தில் உள்ள லூவேன் நகரில் மாணவராக இருந்தபோது, ஊருக்கு வெளியே தூக்கில் தொங்கிய ஒருவனின் எலும்புக்கூட்டை யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குக் கொண்டுவந்ததை வெசாலியஸே எழுதியிருக்கிறார். பெரிய படங்களில் உடல் இயற்கைக் காட்சியின் நடுவே கம்பீரமாக நிற்கிறது. அது எந்த வழியாக வந்தது என்பதை இந்தச் சின்னக் கட்டங்கள்தான் காட்டுகின்றன. இவற்றை வெறும் அலங்காரம் என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்தப் படங்களெல்லாம் மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டவை. மரச்செதுக்கு ஓவியம் பயின்ற என் தம்பியிடம் அந்தப் பன்றியைக் காட்டினேன். அவன் பார்வை நிழல்கோடுகளுக்குப் போனது. "கோட்டை யாரும் செதுக்குவதில்லை, அக்கா. இரு பக்கமும் மரத்தைத் தோண்டியெடுத்த பிறகு எஞ்சி நிற்பதுதான் கோடு. இரண்டு கோடுகளுக்கு நடுவே தெரிகிறதே மயிரிழை வெள்ளை, அவ்வளவும் கத்தி புகுந்து வந்த இடம்" என்றான். அதுவும் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். கட்டையின் உயரம் ஈய எழுத்தின் உயரமாகவே இருக்கும். இரண்டையும் ஒரே சட்டத்தில் இறுக்கி ஒரே அழுத்தில் அச்சிட்டுவிடலாம். படத்தைச் செப்புத்தகட்டில் செதுக்கியிருந்தால் அது நடக்காது; மரக்கட்டையில் மை மேட்டில் நிற்கிறது, தகட்டிலோ பள்ளத்தில் நிற்கிறது.

இப்போதெல்லாம் முதலாண்டு மாணவர்களைப் பிணக்கூறு அறைக்குள் அழைத்துப் போகும் முன், தூக்குமரக் கட்டத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டுகிறேன். உடல்தானம் செய்தவர்களைப் பற்றிய பேச்சை அதிலிருந்து தொடங்குகிறேன்.