பிரிவு 125 அறிவித்தல் வைத்திருப்பவர்கள் உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. லண்டனில் குடியிருக்கும் கவுன்சில் ஃபிளாட்டையே ‘ரைட் டு பை’ (குடியிருப்பவரே தள்ளுபடி விலையில் வாங்கும் உரிமை) மூலம் வாங்க யோசிப்பவர்களுக்காகத் தமிழில் ஒரு விளக்கக் குறிப்பு தயாரிக்கிறோம்.

2024 நவம்பர் 21 முதல் லண்டனின் பெரும்பாலான பகுதிகளில் அதிகபட்சத் தள்ளுபடி 16,000 பவுண்டுதான். அதற்கு முன் 136,400. கவுன்சில் வீடுகள் கைமாறிப் போவது குறையும், அது நல்லதே. ஆனால் வாங்குபவர் இனி ஒவ்வொரு கணக்கையும் பார்த்தாக வேண்டும்.

ஆர்டிஏ1 என்ற விண்ணப்பப் படிவம் கொடுத்து, கவுன்சில் உரிமையை ஒப்புக்கொண்டபின், ஃபிளாட்டுக்கு 12 வாரத்தில் பிரிவு 125 அறிவித்தல், அதாவது விலையும் நிபந்தனைகளும் சொல்லும் கவுன்சில் கடிதம், வரவேண்டும். பலர் விலையை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். கூரை, லிஃப்ட், ஜன்னல் வேலைகளுக்கு வாங்கியபின் நீங்கள் கட்டவேண்டிய செலவின் மதிப்பீடும் அதிலேதான் இருக்கிறது. ஏறத்தாழ முதல் 5 ஆண்டுகளுக்கு, திருத்த வேலைகளுக்கு கவுன்சில் உங்களிடம் அந்த மதிப்பீட்டோடு விலைவாசி உயர்வைச் சேர்த்து மட்டுமே கேட்கலாம். அதன்பின் அந்தக் காப்பு இல்லை. கூரை மாற்றும் பில் அப்போது வந்தால் உங்கள் பங்கு முழுவதும் உங்கள் தலையில்தான்.

வாங்கியவர்கள் அந்த மதிப்பீட்டுப் பக்கங்களைப் பெயர், முகவரி மறைத்துப் படமெடுத்து அனுப்புவீர்களா? காப்புக் காலம் முடிந்தபின் வந்த முதல் பெரிய பில்லும் இருந்தால் மிக உதவி. கவுன்சில் போட்ட விலையை எதிர்த்து 3 மாதத்துக்குள் டிஸ்ட்ரிக்ட் வேல்யூவரிடம் (வீட்டின் மதிப்பைத் தனியாகக் கணிக்கும் அரசு அதிகாரி) போனவர்கள், என்ன சான்று கொடுத்தீர்கள் என்றும் எழுதுங்கள்.