யிர்காசெஃபே பச்சைக் கொட்டை வறுத்தேன், புளிக்கிறது: வறுவல் போதவில்லையா, கொட்டையே இப்படித்தானா?

மாம்பலம் டபரா:

எங்கள் வீட்டில் பிளான்டேஷன் ஏ என்கிற தரக் கொட்டையும் பீபெரி என்கிற ஒற்றைக் கொட்டையும் பாதிப்பாதி, சிக்கரி கொஞ்சம், மாதம் ஒரு தடவை அரைத்து வாங்குவதுதான் வழக்கம். இந்த முறை ஆசைப்பட்டு எத்தியோப்பியா யிர்காசெஃபே பச்சைக் கொட்டை அரை கிலோ ஆன்லைனில் வரவழைத்தேன். பையில் ‘வாஷ்டு’, அதாவது பழச்சதையைக் கழுவி எடுத்துக் காயவைத்தது, என்று போட்டிருந்தது. விலை என்ன என்று இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை, சொல்வதாகவும் இல்லை.

இரும்பு வாணலியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு மிதமான தீயில் வறுத்தேன். லைட் ரோஸ்ட்தான் இதற்குச் சரி என்று பார்க்கிற வீடியோ எல்லாவற்றிலும் சொல்கிறார்கள், அதனால் லேசாகப் பழுப்பு ஏறி நாலைந்து கொட்டை வெடித்த உடனேயே இறக்கிவிட்டேன். மிக்ஸியில் அரைத்து பித்தளை ஃபில்டரில் போட்டால் டிகாக்ஷன் வெளிறிப்போய் மடமடவென்று இறங்கிவிட்டது. பால் சேர்த்தால் ஒரு மாதிரிப் புளிப்பு, பால்தான் கெட்டுவிட்டதோ என்று தனியாகக் குடித்துப் பார்த்தேன், பால் நன்றாகத்தான் இருக்கிறது. பால் விடாமல் குடித்தால் முதல் வாய் எலுமிச்சை, அப்புறம் பச்சைப் பயறு வாசனை. பையில் மல்லிகை, பெர்கமாட் (எலுமிச்சை மாதிரி ஒரு பழம்), தேன் என்றெல்லாம் அச்சடித்திருக்கிறார்கள். மல்லிகை வேண்டுமானால் பொடியை முகர்ந்தால் லேசாக வருகிறது, மற்றதெல்லாம் எங்கே? பாதிக் கொட்டை இன்னும் வறுக்காமல் இருக்கிறது, அதையும் பாழாக்க மனசில்லை.

பழைய வறுவல்காரன்:

சார், நீங்கள் சொல்வதில் ரெண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. எலுமிச்சை அந்தக் கொட்டையின் சொந்தக் குணம், பயறு வாசனை வறுவல் முடியாததால் வந்தது. யிர்காசெஃபே விளைகிற கெதியோ பகுதி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,700 முதல் 2,200 மீட்டர் உயரம். அந்தக் குளிரில் காய் மெதுவாகப் பழுப்பதால் கொட்டை சின்னதாக, கெட்டியாக இருக்கும், உள்ளே சூடு ஏற நேரம் எடுக்கும். மிதமான தீயில் வெளியே நிறம் வந்துவிடும், நடு வேகாது. ஒரு கொட்டையைக் கத்தியால் பிளந்து பாருங்கள், வெளியே பழுப்பும் உள்ளே வெளிறலுமாக இருந்தால் அதுதான் சங்கதி.

நாலைந்து வெடிப்பு என்பது முதல் வெடிப்பின் ஆரம்பம்கூட இல்லை. கொட்டையின் சூடு 196 டிகிரி தாண்டும்போது தாளிப்பில் கடுகு வெடிக்கிற மாதிரி எல்லாம் சேர்ந்து படபடக்கும். அது தொடங்கியதும் தீயைக் குறைத்துவிட்டு இன்னும் ஒன்றரை, ரெண்டு நிமிடம் விடாமல் கிளறி, சத்தம் ஓய்கிற சமயத்தில் இறக்குங்கள். அதற்கு முன்னால் முதல் ஐந்து நிமிடம் தீ நன்றாகவே இருக்கலாம், பயப்பட வேண்டாம். ஒரு தடவைக்கு 100 கிராமுக்கு மேல் போடாமல், மொத்தம் ஒன்பது பத்து நிமிடத்தில் முடிகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். இது உள்ளூர் நாட்டு ரகங்கள் கலந்த கொட்டை, ஒன்று பெரிது ஒன்று சிறிதாக இருக்கும், அதனால் நிறம் கொஞ்சம் முன்னே பின்னே வரத்தான் செய்யும். நிறத்தை நம்புவதைவிட எடையை நம்புங்கள்: 100 கிராம் போட்டால் 86, 87 கிராம் திரும்ப வர வேண்டும். 90 நிற்கிறது என்றால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. 82-க்குக் கீழே போனால் நம் கடைக் கறுப்பு வறுவல், மல்லிகையை அப்புறம் மறந்துவிடலாம்.

இறக்கியதும் வாணலியிலேயே விடாதீர்கள், அந்தச் சூட்டிலேயே இன்னும் வேகும். முறத்தில் கொட்டி ஃபேனுக்குக் கீழே புடைத்தால் உமியும் போகும், நாலு நிமிடத்தில் ஆறியும்விடும். பால்கனியில் செய்யுங்கள், ஹாலில் புடைத்தால் வீட்டில் பேச்சு வாங்குவீர்கள்.

தி.நகர் மாமி:

இவ்வளவு காசு கொடுத்து வாங்கி நாமே வறுத்து நாமே புடைத்து, கடைசியில் புளிப்புக் காபி! அந்த மீதியை நன்றாகக் கறுக்க வறுத்து, வழக்கமான பொடியில் கால் பங்கு கலந்துவிடு தம்பி. சிக்கரி போட்டால் எந்தப் புளிப்பும் தெரியாது. பால் காபிக்குத் திக்கான டிகாக்ஷன் வேண்டும், இந்தப் பூ வாசனையை வைத்துக்கொண்டு என்ன செய்வது.

அடிஸில் இருந்தவன்:

மாமி சொல்வதைச் சிரித்துக்கொண்டே ஒதுக்க வேண்டாம், பாதி உண்மை. நான் அடிஸ் அபாபாவில் வேலை பார்த்தவன். அங்கே வீட்டுக்கு ஆள் வந்தால் கண் முன்னாலேயே பச்சைக் கொட்டையைக் கழுவி, கரி அடுப்பில் தட்டையான இரும்புச் சட்டியை வைத்து வறுப்பார்கள். புகை எழும்போது சட்டியை ஒவ்வொருவர் முகத்துக்கு நேரேயும் கொண்டு வந்து காட்டுவார்கள், கையால் வீசி முகர வேண்டும், அது மரியாதை. அப்புறம் உரலில் இடித்து, ஜெபெனா என்கிற கழுத்து நீண்ட மண் கூஜாவில் கொதிக்கவிட்டு, பிடி இல்லாத சின்னக் கிண்ணத்தில் ஊற்றுவார்கள். அதே பொடியில் மூன்று சுற்று: அபோல், தோனா, பரக்கா. ஒவ்வொன்றும் முந்தையதைவிட இளசு. கூடவே பாப்கார்ன். நான் குடித்த வீடுகளில் வறுவல் நல்ல கறுப்பு, சர்க்கரையும் தாராளம். ஆக லைட் ரோஸ்ட்தான் அந்தக் காபிக்கு ‘முறையானது’ என்பது வெளிநாட்டு ரோஸ்டர்கள் கிளப்பிவிட்ட பேச்சு. விளைகிற ஊரில் அப்படி ஒரு சட்டம் கிடையாது.

ஆனால் மாமி, சிக்கரியில் மட்டும் கை வைக்காதீர்கள். அதற்கு இவ்வளவு விலையில் கொட்டை எதற்கு? நம் பீபெரியே போதும்.

பெசன்ட்நகர் போர்வெல்:

வறுவலைப் பற்றி எல்லோரும் பேசியாயிற்று, தண்ணீரை ஒருவரும் கேட்கவில்லை. டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கிற உப்புகளின் அளவு, 150 வாக்கில் இருந்தால் காபிக்கு நல்லது என்பது ஸ்பெஷாலிட்டி காபிக்காரர்களின் கணக்கு. நம் ஊர் போர்வெல் தண்ணீர் பல தெருக்களில் அதைப் பல மடங்கு தாண்டும். அதில் இருக்கிற பைகார்பனேட் புளிப்பை அமுக்கிவிடும், காபி சப்பென்று மண் மாதிரி ஆகும். ஆர்.ஓ. மெஷின் 30, 40-க்கு இறக்கி வைத்திருந்தால் நேர் எதிர், புளிப்பு மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். உங்களுக்கு நடந்திருப்பது இரண்டாவது என்று நினைக்கிறேன். ஆர்.ஓ. தண்ணீரில் கொஞ்சம் மெட்ரோ வாட்டர் கலந்து காய்ச்சிப் பாருங்கள். டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

மாம்பலம் டபரா:

எல்லோருக்கும் நன்றி. பிளந்து பார்த்தேன், உள்ளே நன்றாகவே வெளிறல். ஆர்.ஓ. 35 காட்டுகிறது, போர்வெல்காரர் வாயில் சர்க்கரை! அடுத்த வறுவலை எடை பார்த்துத்தான் இறக்கப்போகிறேன். இதை நம் ஃபில்டரிலேயே போடலாமா, அல்லது அந்தக் கூம்பு மாதிரி டிரிப்பர் வாங்கியே ஆக வேண்டுமா? வீட்டில் இன்னொரு பாத்திரம் சேர்ந்தால் எனக்கு இடம் இருக்காது.

பழைய வறுவல்காரன்:

உடனே எதுவும் வாங்காதீர்கள். வறுத்த கொட்டையை ஒரு வாரம் டப்பாவில் வையுங்கள், மூடியை முதல் நாள் இறுக்க வேண்டாம், வாயு வெளியேற வேண்டும். அப்புறம் டேஸ்டிங்கை டம்ளரிலேயே பாருங்கள்: 11 கிராம் பொடி, ரவை பதம், கொதித்து அரை நிமிடம் ஆன தண்ணீர் 200 மில்லி. நாலு நிமிடம் தொடாமல் விட்டு, மேலே கட்டியிருக்கிற ஏட்டை ஸ்பூனால் உடைக்கும்போது மூக்கை அருகே வையுங்கள், பையில் போட்ட மல்லிகை இருக்கிறதா இல்லையா என்று அந்த ஒரு நொடியில் தெரிந்துவிடும். நுரையை வழித்துவிட்டு, நன்றாக ஆறவிட்டு ஸ்பூனில் எடுத்துச் சத்தமாக உறிஞ்சுங்கள். வீட்டில் தூக்கிக் குடித்துப் பழகியவர்களுக்கு இது அநாகரிகமாகத் தெரியும், பரவாயில்லை, காற்றோடு சேர்ந்து போனால்தான் வாசனை மூக்குக்கு ஏறும். வெதுவெதுப்பாக இறங்கும்போதுதான் தேன் மாதிரி இனிப்பு வெளியே வரும், சுடச்சுடக் குடித்தால் ஒன்றும் பிடிபடாது.

நம் ஃபில்டரிலும் போடலாம். இளம் வறுவல் கொட்டை கெட்டி, சாறு லேசில் இறங்காது, அதனால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் நைசாக அரைத்து, தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றுங்கள், பால் வேண்டாம். பொடிக்கடை மெஷினில் மட்டும் அரைக்கக் கொடுக்காதீர்கள், முன்னால் அரைத்தவரின் சிக்கரி வாசனை ஒட்டிக்கொண்டு வந்துவிடும். மிக்ஸி என்றால் விட்டுவிட்டு ஓட்டி, நடுநடுவே குலுக்குங்கள்.

கை பழகுவதற்கு விலை உயர்ந்த கொட்டையைப் பலி கொடுக்க வேண்டாம். செலக்ஷன் 9 கிடைத்தால் அதில் பழகுங்கள், நம் ஊர் ரகம்தான், ஆனால் எத்தியோப்பியாவின் டஃபாரிகேலா என்கிற ரகத்தை ஹைப்ரிடோ டி திமோர் என்கிற கலப்பு ரகத்தோடு சேர்த்து உருவாக்கியது. அது கைக்கு வந்த பிறகு மீதி யிர்காசெஃபேயில் கை வையுங்கள், பச்சைக் கொட்டை ஈரம் படாமல் இருந்தால் சில மாதம் தாங்கும். மழை சீசன் வருகிறது, மூட்டை கட்டிச் சமையலறையில் வைக்காமல் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள்.