கதவைத் திறந்தால் எரியும் கார் உள்விளக்குகளை அணைத்து வைப்பது எப்படி?

கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் நான்கு பேர், அமாவாசையை ஒட்டி வரும் சனிக்கிழமைகளில் ஜவ்வாது மலைக்குச் சென்று, ஊர் வெளிச்சம் எட்டாத ஒரு மேட்டில் தொலைநோக்கியை நிறுத்தி விடியும்வரை வானம் பார்க்கும் வழக்கம் உள்ளவர்கள். வானியலாளர் வைணு பாப்பு 1960களில் வானாய்வகத்துக்காகக் காவலூரைத் தேர்ந்தெடுத்த அதே மலைதான் என்பதால், அங்கே இருட்டுக்குக் குறைவில்லை. வெளிச்சம் முழுவதும் எங்கள் காரிலிருந்தே வருகிறது. கண் இருட்டுக்கு முழுமையாகப் பழகுவதற்கு அரை மணி நேரமாவது ஆகிறது. அப்படிப் பழகிய நேரத்தில் யாராவது போர்வை எடுப்பதற்காகக் கதவைத் திறந்தால், கூரை விளக்கும் டிக்கி விளக்கும் ஒருசேர எரிந்து, நால்வருடைய கண்ணும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிவிடுகிறது. கூரை விளக்கின் ஸ்விட்சை ஆஃப் நிலையில் வைத்துப் பார்த்தேன். அது மட்டும் அணைந்தது, கால் வைக்கும் இடத்து விளக்குகளும் டிக்கி விளக்கும் அணையவில்லை. ஃபியூஸைப் பிடுங்கிவிடலாமா? இரவு முழுவதும் கதவு திறந்தே இருந்தால் பேட்டரி இறங்கிவிடுமா? கார் ஏழு ஆண்டு ஓடிய ஹேட்ச்பேக்.

பதில் 1:

ஃபியூஸில் கை வைப்பதற்கு முன்னால் வேறொரு வழி இருக்கிறது. பழைய கார்களில் கதவுத் தூணில் ரப்பர் உறை போட்ட ஒரு சிறு பொத்தான் துருத்திக்கொண்டிருக்கும். கதவு மூடும்போது அது அழுந்தி விளக்கை அணைக்கும், அதை அழுத்தி ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. உங்கள் காரில் அந்த ஸ்விட்ச் பெரும்பாலும் கதவுப் பூட்டுக்குள்ளேயே இருக்கும். கதவைத் திறந்து அதன் விளிம்பைப் பாருங்கள்: தூணில் உள்ள கம்பி வளையத்தைக் கவ்விப் பிடிப்பதற்காக, லாடம் போல வாய் திறந்த ஓர் இரும்புக் கவ்வி தெரியும். ஸ்க்ரூடிரைவரின் முனையை அதில் வைத்து, கதவு மூடும்போது அது எந்தப் பக்கம் திரும்புமோ அந்தப் பக்கம் தள்ளினால், கிளிக், கிளிக் என்று இரண்டு முறை சத்தம் கேட்கும். இரண்டாவது சத்தத்தோடு கதவு மூடிவிட்டதாகக் கார் நினைத்துக்கொள்ளும். விளக்குகள் உடனே அணையும், அல்லது சில நொடிகளில் மங்கி மறையும்.

இதில் மறக்கவே கூடாத ஒன்று உண்டு. கதவை மூடுவதற்கு முன்னால் வெளிக் கைப்பிடியை ஒருமுறை இழுத்து, கவ்வி மறுபடி வாய் திறந்திருப்பதைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். மூடிய கவ்வியோடு கதவை அறைந்து சாத்தினால் அது கம்பி வளையத்தில் போய் முட்டும். என் பட்டறைக்கு அப்படி வந்த ஒரு வண்டியில் பூட்டையே மாற்ற வேண்டியதாயிற்று.

பதில் 2:

மேலே சொன்ன வழியைத்தான் நானும் சொல்வேன், ஆனால் சாவியைக் காருக்குள் வைத்துவிட்டு அதைச் செய்யாதீர்கள். ரிமோட்டால் பூட்டைத் திறந்த பிறகு எந்தக் கதவும் திறக்கப்படவில்லை என்றால், பல கார்கள் அரை நிமிடம் போலக் காத்திருந்துவிட்டுத் தாமாகவே பூட்டிக்கொள்ளும். நீங்கள்தான் எல்லாக் கதவுகளும் மூடியிருப்பதாக அதை நம்ப வைத்திருக்கிறீர்களே! பூட்டிய நிலையில் வெளிக் கைப்பிடியை இழுத்தாலும் கவ்வி திறக்காது. சாவி எப்போதும் ஒருவருடைய சட்டைப் பையில் இருக்கட்டும்.

ஃபியூஸைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உள்விளக்குக்கென்று தனி ஃபியூஸ் இருந்தால் தாராளமாகக் கழற்றலாம். ஆனால் பல கார்களில் அதே ஃபியூஸ்தான் கடிகாரத்துக்கும் ரேடியோவின் நினைவகத்துக்கும் சில நேரங்களில் சென்ட்ரல் லாக்கிங்குக்கும் மின்சாரம் தருகிறது. வண்டியோடு வந்த கையேட்டில் ஃபியூஸ் பெட்டியின் படம் இருக்கும், அதைப் பார்க்காமல் எதையும் பிடுங்க வேண்டாம்.

பேட்டரிக் கணக்கு எளிது. கூரை விளக்கு 10 வாட், மற்றவை மூன்றும் தலா 5 வாட் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 25 வாட், அதாவது 12 வோல்ட்டில் ஏறக்குறைய 2 ஆம்பியர். ஆறு மணி நேரத்தில் 12 ஆம்பியர்-மணி போய்விடும். 35 ஆம்பியர்-மணி பேட்டரி புதிதாக இருந்தால் காலையில் வண்டி கிளம்பிவிடும். நான்கு ஆண்டு பழையது என்றால் மலைக் குளிரில் நான் அதை நம்ப மாட்டேன். எல்.ஈ.டி. விளக்குகளாக மாற்றியிருந்தால் செலவு மிகக் குறைவு. குறிப்பிட்ட நேரம் கழித்து உள்விளக்குகளைத் தானே அணைத்துவிடும் வசதி உங்கள் காரில் இருக்கிறதா என்பதையும் கையேட்டில் பாருங்கள். ஆனால் விளக்கு எரியாவிட்டாலும், கதவு திறந்திருப்பதாகத் தெரியும்வரை சில கார்களின் மின்னணுப் பகுதிகள் உறங்காமல் கொஞ்சம் மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். கவ்வியை மூடி வைப்பதில் அந்தச் செலவும் மிச்சமாகிறது.

பதில் 3:

நானும் வானம் பார்க்கிறவன். விளக்கே இல்லாவிட்டால் இருட்டில் ஐபீஸை (தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்க்கும் வில்லையை) தேடி இருக்கைக்கு அடியில் தவழ வேண்டியிருக்கும், அதனால் ஒரு விளக்கை மட்டும் சிவப்பாக்கி வைத்துக்கொள்ளுங்கள். மங்கிய சிவப்பு ஒளி இருட்டுக்குப் பழகிய கண்ணை அதிகம் கெடுப்பதில்லை. ஆனால் பழைய இழை பல்பின் மேல் செலஃபேன் தாளை ஒட்டாதீர்கள்; சூட்டில் சுருங்கிப் பிசுபிசுவென்று கண்ணாடி மூடியில் ஒட்டிக்கொண்டது என் அனுபவம்.

கேட்டவர்:

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை வீட்டு வாசலிலேயே செய்து பார்த்தேன். நான்கு கதவுகளும் இரண்டாவது கிளிக்கில் அடங்கிவிட்டன, கதவு திறந்திருப்பதாக டாஷ்போர்டில் எரியும் சின்னமும் மறைந்தது. டிக்கியின் பூட்டில் கவ்வி உள்ளடங்கி இருந்ததால் ஸ்க்ரூடிரைவர் எட்டவில்லை. அதன் விளக்கு மூடியை நெம்பி, இரண்டு முனையிலும் உலோகத் தொப்பி போட்ட அந்தச் சிறு பல்பைக் கழற்றி, டாஷ்போர்டு அறையில் வைத்துவிட்டேன். கிளம்பும்போது கைப்பிடியை இழுக்க மறந்துவிடக் கூடாது என்பதற்காக, ஸ்டீயரிங்கில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவைக்கலாம் என்று மனைவி சொன்னார்.

பதில் 1:

துணியைக் கைப்பிடியிலேயே கட்டுங்கள். ஸ்டீயரிங் கண்ணில் படுவதற்குள் கதவைச் சாத்தியிருப்பீர்கள்.