புதுப்பிப்பு: அசோசியேட் நர்சிங்கிலிருந்து பி.எஸ்.என். – கிரெடிட் விவகாரம்

நியூயார்க்கில் கம்யூனிட்டி காலேஜில் அசோசியேட் நர்சிங் (இளங்கலைக்கு முந்தைய குறுகிய காலப் பட்டம்) முடித்தவள் பி.எஸ்.என். (நர்சிங் இளங்கலை) சேர்ந்தால் பழைய கிரெடிட் (முடித்த பாடங்களுக்கான மதிப்பு அலகு) எல்லாம் செல்லுமா என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது இடம் கிடைத்துவிட்டது.

நர்சிங் பாடங்களில் சிக்கலே இல்லை. என்கிளெக்ஸ் என்ற நர்ஸ் உரிமத் தேர்வில் தேறி ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) உரிமம் கையில் இருந்ததால் மொத்தமாக ஏற்றுக்கொண்டார்கள். இழுத்தடித்தது அறிவியல்தான். முதலில் விண்ணப்பித்த கல்லூரி, மைக்ரோபயாலஜி படித்துப் பல வருஷம் ஆகிவிட்டது, திரும்பப் படியுங்கள் என்றது. தினமும் வார்டில் தொற்றோடு மல்லுக்கட்டுகிறவளிடம்! சரி என்று வேறு கல்லூரியில் கேட்டேன். அதே பாடத்தை மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டார்கள். பணம் கட்டும் முன் கிரெடிட் மதிப்பீட்டை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

என்ன அவசரம் என்று கேட்டவர்களுக்கு: 2017 டிசம்பரில் கையெழுத்தான சட்டப்படி, இங்கே புதிதாக உரிமம் பெறும் ஆர்.என்.கள் 10 ஆண்டுக்குள் நர்சிங்கில் இளங்கலை முடிக்க வேண்டும். அதற்கு முன்பே உரிமம் வாங்கியவர்களுக்கு விலக்கு உண்டு.

கிரெடிட் விஷயத்தில் ஆரெகன் மாநிலத்துக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். அங்கே பல கம்யூனிட்டி காலேஜ்களும் ஓ.எச்.எஸ்.யு. என்ற ஆரெகன் ஹெல்த் அண்ட் சயின்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து பொதுப் பாடத்திட்டமே வைத்திருக்கின்றன. அப்புறம், எனக்கு வகுப்பு ஆன்லைன்தான். நைட் ஷிப்டை விடவில்லை.