நாற்பது வீரர்களால் ஒரு தீவைக் காக்க முடியுமா?

கேள்வி: 1982க்கு முன், அர்ஜென்டினா உரிமை கோரும் தென் அட்லாண்டிக்கின் ஃபாக்லாந்து தீவுகளில் பிரிட்டன் நிறுத்தியிருந்தது சுமார் நாற்பது மரைன் வீரர்களை மட்டுமே. படையெடுப்பைத் தடுக்க இயலாத அத்தனை சிறிய படைக்கு, பாதுகாப்புச் செலவைக் குறைக்கும் காலத்தில், ஏன் பணம் ஒதுக்க வேண்டும்?

பதில் 1: தடுப்பது அதன் வேலையன்று, கைவைத்தால் பிரிட்டனுடன் போர் என்று உணர்த்துவதே அதன் வேலை. 1981இல் பாதுகாப்பு அமைச்சர் ஜான் நாட், வெளியுறவு அமைச்சர் கேரிங்டனின் எதிர்ப்பையும் மீறி, தென் அட்லாண்டிக்கில் சுற்றிவந்த எண்டூரன்ஸ் என்ற கடற்படைக் கப்பலைத் திரும்பப் பெற முடிவு செய்தபோது, அந்த அறிகுறிதான் மங்கியது. மிச்சமாகவிருந்தது ஆண்டுக்குச் சில மில்லியன் பவுண்டுகள். அடுத்த ஆண்டு அர்ஜென்டினா படையெடுத்து மூண்ட போரில் மாண்ட பிரிட்டிஷ் படையினர் 255 பேர்.

பதில் 2: கப்பலை மட்டும் குறை சொல்வது எளிது. 1982 ஏப்ரல் 2 விடியற்காலையில் அர்ஜென்டினக் கமாண்டோக்கள் தாக்கிய, மரைன் வீரர்களின் மூடி புரூக் பாசறை காலியாக இருந்தது. வீரர்கள் முன்பே ஆளுநர் மாளிகைக்கும் மற்ற நிலைகளுக்கும் போயிருந்தனர். ஆள் மாற்றும் நேரமாதலால் எண்ணிக்கை வழக்கத்தைவிடக் கூடியிருந்தும் அன்று காலையே சரணடைய நேர்ந்தது. பெரிய விமானங்கள் இறங்க ஓடுதளம் இல்லாததே உண்மையான பலவீனம். 1985இல் திறக்கப்பட்ட மவுண்ட் பிளசன்ட் தளம் அதைத்தான் சரிசெய்தது.

பதில் 3: புரூணையையும் பாருங்கள். சேரியாவிலுள்ள, நேபாள வீரர்களைக் கொண்ட பிரிட்டிஷ் கூர்க்கா படையணியின் செலவைச் சுல்தான் ஏற்பதால், லண்டனில் கத்தரி எடுப்பவர்கள் அதைத் தொடுவதில்லை. ஃபாக்லாந்துக்கு அப்படியொரு புரவலர் அன்று இல்லை.